முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இஸ்தான்புல்லுக்குப் போறியாம்ல? ஒங்க அப்பன் சொன்னான். எங்கெங்க போகணும், என்னென்ன திங்கணும்னு பட்டியல் போட்டு வச்சிருக்கியாம். அதுல பழைய காலத்துத் துருக்கிக் குளியலும் ஒண்ணு இருக்குன்னு கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தைப் பாத்தாலே வைக்கப்படப்புக்குப் பின்னால போயி ஒளிஞ்ச பய நீ. ஒன்னைப் புடிச்சு இழுத்தாந்து தலைக்கு ஊத்த ஒங்க ஆத்தா பட்ட பாட்டுக்கு இந்தத் தெருவே சாட்சி. இன்னைக்கு பிளேன் ஏறிப் போயி, முன்கூட்டியே நேரம் குறிச்சு, காசும் குடுத்துக் குளிக்கப் போற. நல்லா இருடா.

சின்னவன் அந்த ஊருல வேலை பாத்தப்ப என்னையும் வரவழைச்சு, ஹமாம்னு சொல்ற அந்தத் துருக்கிக் குளியல் கூடத்துல படுக்க வச்சுட்டான். அந்தச் சூட்டுக்கல்லுல படுத்து எந்திரிச்சவன்ங்கிற தகுதியில நாலு விசயம் சொல்றேன். கேட்டாக் கேளு, கேக்காட்டி நீயே போயிப் பட்டுக்க.

மொதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்க. நீ அங்க குளிக்கப் போகல, ஒன்னைக் குளிப்பாட்டுவாக. ரெண்டுக்கும் ஏகப்பட்ட தூரம். குளிக்கிறவனுக்கு, தண்ணி எம்புட்டு ஊத்தணும், எப்ப எந்திரிக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் உண்டு. குளிப்பாட்டிவிடுறாகன்னா எந்த அதிகாரமும் கெடையாது. திரும்புன்னா திரும்பணும், உக்காருன்னா உக்காரணும். ஆபீசுல ஒனக்குக் கீழ எத்தனை பேரு வேலை பாக்குறான்னு கேட்டா ஒரு முழ நீளத்துக்குச் சொல்லுவியே, அம்புட்டுப் பேரையும் வாசல்லயே விட்டுட்டுப் போ.

அடுத்தது சொல்றேன், மூஞ்சியத் தொங்கப்போடாத. சோடியாப் போயி ஒரே கல்லுல படுத்து ஒருத்தர் தலையில ஒருத்தர் தண்ணி ஊத்திக்கலாம்னு கனவு கண்டிருந்தீன்னா, அதை இந்தத் திண்ணையிலயே எறக்கி வச்சுட்டுப் போ. பழைய ஹமாம்னா ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். ஆயா சோஃபியாவுக்குப் பக்கத்துல ஹுர்ரம் சுல்தான் ஹமாம்னு இருக்கு. சுல்தான் சுலைமான் பொண்டாட்டி ஹுர்ரமுக்காக 1556 வாக்குல எழும்புனது. அந்தம்மா அடிமையா வந்து சேந்த பொண்ணு. வந்தவ சுல்தான் மனசைப் புடிச்சு, முறையா அவரையே கட்டிக்கிட்டா. அவுக காதலை வச்சு நாடகம், சீரியல்னு இன்னைக்கு வரைக்கும் பொழைக்கிறாக. அப்பேர்ப்பட்ட சோடி சம்பந்தப்பட்ட அந்தக் கட்டடம் 75 மீட்டர் நீளம். ஆம்பளை வாசல் ஒரு கோடியில, பொம்பளை வாசல் மறு கோடியில. நடுவுல ரெண்டு சூட்டறையும் முதுகோட முதுகா ஒட்டி நிக்குது. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒன் பொண்டாட்டி, இந்தப் பக்கம் நீ. தேனிலவுன்னு சொல்லிட்டுப் போயி ஆளுக்கொரு தெசையில நுழையணும்!

தொபானே பக்கம் இருக்கிற கிலிச் அலி பாஷா ஹமாம்ல சுவருக்குப் பதிலா கடிகாரம் பிரிச்சு வைக்குது. ஒரே கூடம், பகல்ல பொம்பளைகளுக்கு, சாயங்காலத்துக்கு மேல ஆம்பளைகளுக்கு. அந்த கிலிச் அலி பாஷா கதையும் லேசுப்பட்டதில்ல. இத்தாலிக்காரன். கடல்ல புடிபட்டுத் துடுப்புப் போடுற அடிமையாக் கெடந்தவன், அப்புறம் துருக்கிக் கப்பற்படைக்கே தளபதி ஆனான். 1580-கள்ல கட்டி முடிச்ச ஹமாம் அது, 14 மீட்டர் அகலத்துக்கு ஒரு கும்மட்டம் கவுத்து வச்சிருக்கு. கப்பல்ல உப்புத்தண்ணியிலயே ஊறுன பயலுக நல்ல தண்ணியில குளிக்கட்டும்னு கட்டுனான் போல. பட்டவனுக்குத்தான அருமை தெரியும்!

எப்பிடியாச்சும் ஒண்ணாத்தான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னா, சுலைமானியே மசூதிப் பக்கத்துல இருக்கிற ஹமாம்ல சோடிகளையும் குடும்பத்தையும் சேத்து விடுற பழக்கம் உண்டு. போறதுக்கு முன்ன கேட்டுக்க. ஆனா ஒண்ணு, அங்க தேய்ச்சுவிடுறது ஆம்பளைக. ஒன் பொண்டாட்டிக்கு அது சரிப்படுமான்னு அவகிட்ட கேளு. அவளுக்குப் பதிலா நீ முடிவு பண்ணிட்டு வந்து நின்னா, நான் ஒனக்குச் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

இந்த மூணு ஹமாமையும் ஒரே ஆளுதான் கட்டுனாரு, சினான்னு பேரு. மூணு சுல்தான்களுக்குத் தலைமைக் கொத்தனாரா, அரை நூற்றாண்டு, சாகுற வரைக்கும் வேலை பாத்தவரு. பெரிய பெரிய மசூதி கட்டுன கையாலேயே ஆளு குளிக்கிற எடத்தையும் கட்டுனாரு. நம்ம ஊருல கோயில் கட்டுன ஸ்தபதியைக் குளியலறை கட்டச் சொல்லிப் பாரு, சாமி குத்தம்னு அடிக்க வந்துருவான்.

உள்ள நுழைஞ்சு விலைப்பட்டியலைப் பாத்ததும் ஒனக்கு வேர்க்க ஆரம்பிக்கும். சூட்டறைக்குப் போறதுக்கு முன்னாலயே வேர்க்கிறது அங்க மட்டுந்தான். சுல்தான் குளியல், பாஷா குளியல்னு அடுக்கடுக்கா எழுதியிருப்பாக. எதை வாங்குனாலும் தேய்க்கிறது அதே கைதான்டா. எண்ணெய் தடவுறேன், மண்ணு பூசுறேன்னு மேல மேல ஏத்துறது பெரும்பாலும் இன்னைக்குச் சுற்றுலாக்காரனுக்காகச் சேத்தது. தேய்ப்பும் நுரையும் இருக்கிற சாதாரணத்தை வாங்கு, போதும். ஊரறிஞ்ச பெரிய ஹமாம்ல கூட்டமும் அவசரமும் இருக்கும், அடுத்த ஆளு காத்துக்கிட்டு நிப்பான். அந்த ஊருக்காரன் போற தெருவோரத்துச் சின்ன ஹமாம்ல காசும் கம்மி, தேய்க்கிறவனுக்கு நேரமும் ஜாஸ்தி. ஆனா சினான் கட்டுன கும்மட்டம் அங்க இருக்காது. எதுக்குக் காசு குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடு.

காசு காசுன்னு பொலம்பாத, இந்த ஹமாமுகளைக் கட்டுனதே காசு வரணும்னுதான். செம்பர்லிதாஷ் ஹமாம் இருக்கே, அது 1584-ல கட்டுனது. நூர்பானு சுல்தான்னு ராசமாதா, மூணாம் முராதைப் பெத்த தாயி. உஸ்குதார்ல அந்தம்மா மசூதியும் தரும காரியமும் நடத்துச்சு. அதுக்கு மாசாமாசம் வரும்படி வேணும்ல? அதுக்குத்தான் ஹமாம். ஊரான் அழுக்கை உருட்டி உருட்டித் தருமம் நடந்திருக்கு. ஒரு தரம் கட்டிவிட்டா வருசம் முச்சூடும் வருமானம். அழுக்குக்கு எப்பவாச்சும் பஞ்சம் வருமா, சொல்லு?

ஜாலோலு ஹமாமும் அதே கதைதான். முதலாம் மஹ்மூது சுல்தான் ஆயா சோஃபியாவுல ஒரு நூலகம் வச்சாரு. அதுக்குச் செலவுக்காக 1741-ல இந்த ஹமாமைத் தொறந்தாரு. குளிக்கிறவன் குடுத்த காசுல படிக்கிறவனுக்குப் புத்தகம். நம்ம ஊரு நூலகத்துல கூரை ஒழுகுறப்பல்லாம் எனக்கு அந்த மஹ்மூது ஞாபகம் வரும்.

அந்த மஹ்மூது சிம்மாசனம் ஏறுன கதை இன்னும் வேடிக்கை. 1730-ல இஸ்தான்புல்லுல பெரிய கலகம். கலகத்துக்குத் தலைவன் பத்ரோனா ஹலீல்னு ஒருத்தன். பேயஸித் ஹமாம்ல ஆளுகளுக்குத் தேய்ச்சுவிட்டுக்கிட்டு இருந்தவன்னு சொல்லுவாக. அவன் கெளப்புன ஆட்டத்துல சுல்தான் அகமதே பதவிய விட்டு எறங்கிட்டாரு, மஹ்மூது ஏறிட்டாரு. ஏத்திவிட்டவன ரொம்ப நாளு வச்சுக்கல, ரெண்டு மாசத்துக்குள்ளயே அரண்மனைக்குக் கூப்பிட்டு ஆளையே முடிச்சுட்டாரு. அப்புறம் பதினோரு வருசம் கழிச்சு அவரே ஹமாம் கட்டுறாரு! பேயஸித் ஹமாம் இன்னைக்கு அருங்காட்சியகமா இருக்கு, பழைய குளியல் சாமானெல்லாம் வச்சிருக்காக, போயிப் பாரு. இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒனக்குத் தேய்ச்சுவிட வர்றவன்கிட்ட அதட்டல் போடாத. சுல்தானையே எறக்குன வம்சம். நீ எம்மாத்திரம்?

மஹ்மூதுக்குச் சில வருசம் கழிச்சுப் பட்டத்துக்கு வந்த மூணாம் முஸ்தபா 1768-ல ஒரு உத்தரவு போட்டாரு, நகரத்துக்குள்ள இனிமே பெரிய ஹமாம் கட்டக்கூடாதுன்னு. தண்ணியும் வெறகும் கட்டுபடியாகல. அதனால ஜாலோலுதான் அந்த வரிசையில கடைசி. நம்ம ஆளுக ஆழ்துளைக் கெணறை ஆயிரம் அடிக்கு எறக்கிட்டு இன்னும் உத்தரவு வரலியேன்னு காத்துக்கிட்டு இருக்கோம்.

சரி, உள்ள போவோம். மொதல்ல ஒரு ஒசந்த கூடம். சுத்தி மரத்துல சின்னச் சின்ன அறைக, மாடியிலயும் இருக்கும். அங்க உடுப்பைக் கழட்டிப் பூட்டிட்டுச் சாவியக் கையில மாட்டிக்கணும். பெஷ்தமால்னு ஒரு பருத்தித் துண்டு குடுப்பாக, கட்டம் போட்டது, கோடு போட்டதுன்னு இருக்கும். அதை இடுப்புல சுத்திக்கணும். உள்ள என்ன போடணும், போடக்கூடாதுன்னு நீ இந்நேரம் போன்ல தேடிப் பாத்திருப்ப. ஆம்பளைக பக்கம் கடைசி வரைக்கும் துண்டு இடுப்பை விட்டு எறங்கக்கூடாது, அதுதான் மரியாதை. கோவணத்தோட கம்மாயில குதிச்சு வளந்த எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. முக்கால் டவுசரு போட்டு நீச்சல் கத்துக்கிட்ட ஒனக்குத்தான் முடிச்சுப் போடத் தெரியாது. இப்பவே வீட்டுல கட்டிப் பழகிக்க. ஈரத்துல எந்திரிச்சு நடக்கையில அவுந்துச்சுன்னா, அந்தச் செய்தி நீ ஊரு திரும்புறதுக்கு முந்தி இங்க வந்து சேந்துரும்.

செருப்பு குடுப்பாக, சில எடத்துல மரக்குறடு. அந்தக் காலத்துச் சீமாட்டிகளுக்குச் சிப்பி பதிச்ச ஒசரக் குறடு இருந்துச்சு. தரை பூரா பளிங்கு, அதுக்கு மேல சோப்புத் தண்ணி. விறைப்பா நெஞ்சை நிமித்தி நடந்தீன்னா மல்லாந்துருவ. போன உள்ள கொண்டு போகாத. அடுத்தவன் துண்டோட படுத்திருக்கிற எடத்துல படம் புடிக்கிறவனுக்கு அடி விழுந்தா அது நியாயமான அடி.

எடையில ஒரு வெதுவெதுப்பான அறை, அதைத் தாண்டுனா சூட்டறை. நடுவுல பளிங்குல ஒரு பெரிய மேடை, கோபெக் தாஷின்னு சொல்லுவாக. அண்ணாந்து பாத்தா கும்மட்டம் பூரா ஓட்டை, ஓட்டைக்குக் கண்ணாடி வச்சு மூடியிருக்கும். யானைக்கண்ணுன்னு பேரு. அது வழியா வெயிலு கம்பி கம்பியா எறங்கி ஆவியில நிக்கும். அந்தக் கல்லுல துண்டோட மல்லாந்து படுத்துற வேண்டியதுதான். கால் மணி நேரமோ, கூடவோ. ஒருத்தனும் ஒன்னையக் கண்டுக்க மாட்டான். ஒனக்கு அங்கதான் சோதனை. போனும் இல்ல, பேச ஆளும் இல்ல, சும்மா படுத்து வேர்க்கணும். மந்திரியையே காக்க வைக்கிற கம்பெனியில வேலை பாக்குற ஒனக்கு அது மலையத் தூக்குற வேலை.

கல்லு எப்படிச் சுடுதுன்னு யோசிச்சியா? பக்கத்துல ஒரு அடுப்பங்கூடம் உண்டு, குல்ஹான்னு பேரு. அங்க வெறகப் போட்டு எரிச்சா, மேல கொப்பரையில தண்ணி கொதிக்கும். அந்த அனலும் புகையும் வீணாப் போகாம, தரைக்குக் கீழ இருக்கிற பொந்துக்குள்ள ஓடி, கல்லைச் சூடாக்கி, சுவத்துக்குள்ள இருக்கிற மண்குழாய் வழியா மேல ஏறி வெளிய போகும். ரோமாபுரிக்காரன் காலத்துக் கைவேலை அது. துருக்கிக்காரன் வாங்கிக்கிட்டான், ஆனா ரோமாபுரிக்காரன் வச்சிருந்த பெரிய தொட்டிய விட்டுட்டான். தேங்குன தண்ணி அவுகளுக்குச் சுத்தமில்ல, ஓடுற தண்ணிதான் சுத்தம். இப்ப நெறைய எடத்துல எரிவாயுதான். முன்ன வெறகு எரிஞ்சப்ப, வீடு வாசல் இல்லாத அநாதைப் பயலுக குளிர்காலத்துல அந்த அடுப்பங்கூடத்துலதான் படுத்துக் கெடப்பானுகளாம். மேல கனவான் வேர்க்கிறதுக்குக் காசு குடுப்பான், கீழ அந்தப் பய அதே சூட்டுல ஓசியில தூங்குவான். யாருக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும்னு நெனைக்கிற?

நல்லா ஊறுனதும் ஆளு வருவாரு. ஆம்பளைப் பக்கம் தெல்லாக், பொம்பளைப் பக்கம் நாத்தர். எனக்கு வந்தவருக்கு மீசையே ஒரு சாண். தொடையில பளார்னு ஒண்ணு வச்சாரு. பயந்துறாத, "நான் வந்துட்டேன், திரும்பு"ன்னு அர்த்தம். கையில கெசேன்னு ஒரு சொரசொரப்பான உறைய மாட்டிக்கிட்டு ஆரம்பிப்பாரு. கம்மாயில எருமையத் தேய்க்கிறப்ப அது எப்பிடிக் கண்ணைச் சொக்கிக்கிட்டு அசையாமக் கெடக்குமோ, அப்பிடிக் கெட. நெளிஞ்சா வலிக்கும், கெடந்தா சொகம். கொஞ்ச நேரத்துல ஒன் மேலருந்து சாம்பல் நெறத்துல திரி திரியா உருண்டு வரும். வந்ததை அவரு ஒனக்கே எடுத்துக் காட்டுவாரு, அதுல அவருக்கு ஒரு பெருமை. தெனமும் ரெண்டு வேளை ஷவர்ல குளிக்கிறேன், கிரீம் தடவுறேன்னு பீத்திக்கிறியே, அப்ப ஒன் மூஞ்சியப் பாக்க நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டனேன்னு இருக்கு. பார்வதியம்மா ஒடம்பு அழுக்கை உருட்டிப் பிள்ளையார் புடிச்சா. அன்னைக்கு என் மேல வந்ததுக்கு ரெண்டு பிள்ளையாரும் ஒரு மூஞ்சூறும் புடிச்சிருக்கலாம்.

சின்னவனோட கம்பெனியில பெரிய பதவியில இருந்த ஒருத்தர் எங்க கூட வந்திருந்தாரு. படுத்த மேனிக்கே உத்தரவு போட்டுக்கிட்டு இருந்தாரு. அழுத்தித் தேய், மெதுவாத் தேய், அந்தத் தோள்பட்டையில இன்னும் கொஞ்சம்னு. தெல்லாக்குக்கு இவரு பேசுற இங்கிலீசும் புரியல, இவரு யாருன்னும் தெரியல. நடுப் பேச்சுல ஒரு பாத்திரம் தண்ணிய எடுத்து மூஞ்சியில ஊத்துனாரு பாரு, அத்தோட மீட்டிங்கு முடிஞ்சு போச்சு. ஒன்னை நெனைச்சுத்தான்டா இதைச் சொல்றேன்.

அந்த ஆளு இன்னொரு காரியமும் பண்ணுனாரு. சுவத்தோரமாப் பளிங்குத் தொட்டிக இருக்கும், குர்னான்னு பேரு. அதுல தண்ணி நெறைஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருக்கும். பாத்திரத்தால மோந்து மேல ஊத்திக்கணும். சோப்புக் கையை உள்ள விடக்கூடாது, காலை வைக்கக்கூடாது, மோந்த தண்ணியத் திரும்ப அதுலயே ஊத்தக்கூடாது. நம்மாளு ஈரத் துண்டை அதுல முக்கிப் பிழிஞ்சுட்டாரு. சுத்தி இருந்த கெழவனுக அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாத்தானுக. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாக்கூடத் தேவல.

தேய்ப்பு முடிஞ்சா நுரை. துணிப்பையைச் சோப்புத் தண்ணியில முக்கி, காத்தை உள்ள வாங்கி, ஒரு உருவு உருவுனாருன்னா நுரை பொங்கி மேல விழும். ரெண்டு உருவுல நீ கண்ணுக்கே தெரிய மாட்ட. அதுக்குள்ள கெடக்கையில எனக்கு வயசே தெரியல, எந்த மூட்டும் வலிக்கல. அதுக்கு மேல அதைச் சொல்லி விளக்க முடியாது, விடு. அப்புறம் நாலு அமுக்கு, தலைக்குச் சோப்பு, மேலருந்து தண்ணி தண்ணியா ஊத்தல். மூச்சை எப்ப இழுக்கணும்னு பாத்து வச்சுக்க, அவரு சொல்லிட்டு ஊத்த மாட்டாரு.

தனியா, ஆளில்லாத நேரத்துல போயிராத. ராத்திரி ஹமாம்ல ஜின்னுக கூடிக் கல்யாணம் நடத்தும்னு அந்த ஊரு பாட்டிமாரு கதை சொல்லுவாக. நேரங்கெட்ட நேரத்துல குளிக்கப் போனவனுக்கு ஒருத்தன் வந்து தேய்ச்சுவிடுறானாம், குனிஞ்சு பாத்தா அவன் பாதம் பின்பக்கமாத் திரும்பியிருக்காம். நம்மூருப் பேய்க்குக் காலே கெடையாது. அங்க கால் உண்டு, தெசைதான் மாறியிருக்கும். எதுக்கும் ஒன் தெல்லாக்கோட பாதத்தை ஒருக்க பாத்துக்க. பாத்துட்டு என்ன பண்ணப் போறேன்னு கேக்காத, துண்டோட நீ ஓடுறதை நெனைச்சாலே எனக்குப் போதும்.

இந்தா தாயி, நீயும் வா, ஒனக்கும் இருக்கு சேதி. இவன் பக்கத்தை விட ஒன் பக்கம்தான் சுவாரசியம். அந்தக் காலத்துல பொம்பளைகளுக்கு ஹமாம்னா அரை நாளுத் திருவிழா. சோறு கட்டிக்கிட்டு, புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போவாக. கல்யாணப் பொண்ணுக்குத் தனிக் குளியல், புள்ளை பெத்தவளுக்கு நாப்பதாம் நாள் குளியல். மகனுக்குப் பொண்ணு தேடுற தாய்மாரு அங்கதான் கண்ணு வைப்பாக. ஒன்னையப் பாக்க வந்தப்ப பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்னுட்டு, பாடத் தெரியுமான்னு கேட்டுட்டு வந்தோம். அங்க மாமியாரு ஆவியில உக்காந்து எல்லாத்தையும் பாத்து முடிச்சிருவா, கேக்க ஒண்ணும் பாக்கியிருக்காது. ஒன் மாமியாருக்கு இதைச் சொல்லிக் குடுத்திராத, இன்னும் ரெண்டு பேரன் கல்யாணம் பாக்கி இருக்கு.

1717-ல மேரி வொர்ட்லி மொண்டாகுன்னு ஒரு இங்கிலீசுத் தொரைசானி, தூதரோட சம்சாரம், சோஃபியா நகரத்து ஹமாமுக்குள்ள போனா. அப்ப அது துருக்கி ராச்சியம். உள்ள இருந்த பொம்பளைக மரியாதையா உக்கார வச்சு, நீயும் களையேன்னு கேட்டாகளாம். இவ மேல்சட்டைய லேசா விலக்கிக் காட்டுனா, உள்ள இடுப்பை இறுக்கிக் கட்டுன கச்சு. அதைப் பாத்ததும் அவுக, ஐயோ பாவம், புருசங்காரன் இவளை இந்தப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கான்னு நெனைச்சுட்டாகளாம். அந்தம்மாவே ஊருக்கு எழுதுன கடுதாசியில இருக்கு. யாரு சுதந்திரமா இருந்தான்னு அங்க ஒரு பட்டிமன்றமே நடத்தியிருக்கலாம்.

அந்தக் கடுதாசியப் படிச்சுட்டு ஆங்க்ர்னு ஒரு பிரெஞ்சு ஓவியரு துருக்கிக் குளியல்னு படம் வரைஞ்சாரு. 1862 தேதி போட்டு, கூடவே தன் வயசு 82-ன்னும் படத்துலயே எழுதி வச்சாரு. வட்டப் படம், உள்ள எங்க பாத்தாலும் துணியில்லாத பொம்பளைக. பாரீசுல லூவ்ர் அருங்காட்சியகத்துல தொங்குது. அந்த மனுசன் துருக்கிப் பக்கம் ஒரு தரம்கூடப் போனதில்ல! பாக்காததை வரையறதுக்கும் ஒரு வயசு வேணும்டா. அந்தப் படத்தைப் பாத்துட்டு ஹமாமுக்குப் போறவனுக்கு, எதுத்தாப்புல மீசைக்காரத் தெல்லாக் வந்து நிக்கையில வர்ற ஏமாத்தம் இருக்கே, நான் கண்ணால பாத்திருக்கேன். யாருன்னு சொல்ல மாட்டேன், சின்னவன் கோவிச்சுக்குவான்.

தாயி, கழுத்துல மஞ்சக் கயிறு இருந்துட்டுப் போகட்டும். தங்கச் சங்கிலி, வளையலு எல்லாத்தையும் தங்குற எடத்துலயே வச்சுட்டுப் போ, அந்தச் சூட்டுல ஒடம்பைச் சுட்டுரும். வகுறு முட்டத் தின்னுட்டும் போகக்கூடாது, பட்டினியாவும் போகக்கூடாது. பேராண்டி, அன்னைக்குக் காலையில முகச்சவரம் பண்ணிராத, கெசே பட்டா எரியும். ரத்தக்கொதிப்பு, நெஞ்சு வியாதி இருக்கிறவனும் புள்ளைத்தாச்சியும் வைத்தியரைக் கேக்காம உள்ள போகப்படாது. ஏன் தாயி சிரிக்கிற? பொதுவாச் சொன்னேன்.

முடிஞ்சதும் காஞ்ச துண்டா எடுத்து இடுப்புக்கு, தோளுக்கு, தலைக்குன்னு சுத்திவிட்டு மறுபடி மொதக் கூடத்துல உக்கார வைப்பாக. தலையில சுத்துறப்ப நீயே சுல்தான்னு நெனப்பு வரும், வந்தா வரட்டும், காசு குடுத்திருக்கேல்ல. "ஸிஹ்ஹத்லர் ஓல்சுன்"னு வாழ்த்துவாக, ஒடம்பு நல்லா இருக்கட்டும்னு. டீ வரும், குடி. உடனே எந்திரிச்சு அடுத்த எடத்துக்கு ஓடாத. பட்டியல்ல ஒண்ணு கொறைஞ்சா குடி முழுகிறாது. தேய்ச்சவருக்குத் தனியாக் கொஞ்சம் லிரா வச்சிருந்து கையில குடு. பில்லுல சேத்தாச்சுன்னு முறைக்காத, ஒன் முதுகைத் தேய்ச்சதுக்கு ஒங்க ஆத்தாளுக்கு அப்புறம் அவருதான்.

நேரம் இருந்தா ஸெய்ரெக் பக்கம் சினிலி ஹமாமையும் பாத்துட்டு வா. கடற்படைத் தளபதி பார்பரோஸ் ஹைரெத்தீனுக்காக அதே சினான் கட்டுனது. உள்சுவரு பூரா நீலமும் வெள்ளையுமா இஸ்னிக் ஓடு பதிச்சிருந்துச்சு. பின்னால வந்தவுக அதைப் பேத்து வித்துட்டாக, ஐரோப்பாக்காரன் அருங்காட்சியகத்துல மாட்டி வச்சிருக்கான். பதிமூணு வருசம் வேலை பாத்துப் புதுப்பிச்சிருக்காக. தோண்டுறப்ப அடியில அதுக்கும் முந்துன காலத்து நீர்த்தொட்டிகள், அதோட சுவத்துல யாரோ கீறி வச்ச கப்பல் படங்கள் எல்லாம் கெடைச்சிருக்கு. நாம செவுத்துல பேரு கிறுக்குனா அசிங்கம், ஐநூறு வருசம் கழிஞ்சா அதுக்குக் கண்ணாடி போட்டு விளக்கு வைக்கிறாக.

ஒன் பொண்டாட்டி ஒனக்கு அப்புறம்தான் வெளிய வருவா, ரொம்ப நேரம் கழிச்சு. பொறுமையா உக்காந்திரு. வந்ததும், "இப்பத்தான் ஒன் நெறமே தெரியுது"ன்னு எதையாச்சும் ஒளறி வச்சிராத. சும்மா சிரி, அது போதும்.

வரும்போது எனக்கு ஒரு கெசேயும் ரெண்டு பெஷ்தமாலும் வாங்கிட்டு வா. கெசே நல்ல சொரசொரப்பா இருக்கணும், சுற்றுலாக்காரனுக்கு விக்கிற வழவழப்பு வேணாம். ஒங்க பாட்டிகிட்ட இப்பச் சொல்லாத. முதுகு தேய்ச்சுவிடுறியான்னு கேட்டா, ஒனக்கு இந்த வயசுல சுல்தான் நெனப்பான்னு ஊரைக் கூட்டுவா. பொருளைக் கையில வச்சுக்கிட்டு நான் பக்குவமாப் பேசிக்கிறேன். காசு எம்புட்டு ஆச்சுன்னு குறிச்சு வச்சுக்க, வந்ததும் வாங்கிக்கலாம். நான் மறந்து போயிட்டா ஞாபகப்படுத்தாத, வயசான காலத்துல மனசு வருத்தப்படும்.